அந்தோனியார் பிறந்த ஊரில் திருவிழா

'பதுவைப் புனித அந்தோனியார்' என்று நாம் அன்புடன் அழைக்கும் கோடி அற்புதர் பிறந்தது பதுவையில் அன்று; போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில். 1195-ஆம் ஆண்டளவில் அங்குப் பிறந்து, பெர்னாந்து என்னும் பெயருடன் வளர்ந்தார். 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது அந்தோனி என்னும் பெயரை ஏற்றார். இத்தாலியில் மறையுரை ஆற்றி, 1231 ஜூன் 13-இல் பதுவைக்கு அருகே இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டே திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

லிஸ்பன் மக்களுக்கோ அவர் இன்றும் தங்கள் தெருப் பிள்ளை! அவர் பெயரால் அங்கு நடைபெறும் விழாவை அறிவோமாக. வேற்று நாட்டு விழாவில் வேடிக்கை பார்ப்பவராக நில்லாமல் நல்ல விருந்தினராகக் கலந்துகொள்வது எவ்வாறு என்பதையும் அதன்வழி கற்கலாம்.

விழா இரவு

ஜூன் 12 மாலை, நகரின் அகன்ற சாலையில் ஒவ்வொரு பேட்டையினரும் தமக்கெனத் தைத்த உடையணிந்து, அலங்கார வளைவுகளை ஏந்தி, ஆடிப்பாடி அணிவகுப்பர். இப்போட்டி 1932-இல் தொடங்கியது. இதற்காகத் தையற்காரரும் மாணவரும் கடைக்காரரும் பல வாரங்கள் ஒன்றாகப் பயிற்சி செய்வர்.

பின்னர்க் கூட்டம் அல்பாமா என்னும் பழைய பகுதிக்குத் திரும்பும். 1755-இல் நகரையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் பெரிதும் தப்பிய பகுதி இது. படிக்கட்டுகளே தெருக்கள், மேலெங்கும் வண்ணக் காகிதத் தோரணம். வாசல்தோறும் கரியடுப்பில் மீன் சுடுவர். நம் கடற்கரையில் மத்தி, சாளை என்கிறோமே, அவ்வினம்தான். கோடையில் அம்மீனில் கொழுப்பு ஏறியிருக்கும். சுட்ட மீனைத் தடித்த ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவர். ரொட்டியே தட்டு! நெய் ஊறிய அந்த ரொட்டியை இறுதியில் உண்பதே தனிச்சுவை.

கடைகளில் சிறு தொட்டிச் செடிகளும் விற்கும். அது துளசி இனத்தது. நம் திருநீற்றுப்பச்சைக்கு நெருங்கிய உறவு. அதில் காகிதப் பூவும் நான்கடிப் பாட்டெழுதிய சிறு கொடியும் செருகியிருக்கும். அதை மூக்கருகே கொண்டு முகரலாகாது; உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கையை முகர்வதே ஊர் வழக்கம்.

விழாவின் உள்ளம்

ஆட்டமும் பாட்டும் விழாவின் வெளித்தோற்றமே. மறுநாள் ஜூன் 13, நகருக்கு விடுமுறை. புனிதர் பிறந்த இடம் என்று போற்றப்படும் ஆலயத்தில் திருப்பலி நடைபெறும். நிலநடுக்கத்தில் இடிந்த இவ்வாலயத்தை மீண்டும் கட்டச் சிறுவர் சிறுமியர் தெருவில் காசு திரட்டினர் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இதன் நிலவறையில் 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபித்தார். இங்குப் பெறும் சிறு ரொட்டியை இல்லத்தில் உணவு குன்றாதிருக்க அடுத்த விழாவரை பேணுவோர் உண்டு. மாலையில் புனிதரின் சுரூபம் பவனியாக அல்பாமா தெருக்களில் வரும். வசதி குறைந்த மணமக்களுக்கு இவ்விழாவையொட்டித் திருமணம் செய்துவைக்கும் வழக்கமும் 1958-இல் எழுந்தது. 1974-இல் நின்று, 1997-இல் மீண்டும் தொடங்கியது.

விருந்தினர் கடமை

அண்மை ஆண்டுகளில் அல்பாமாவின் பல வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறிவிட்டன. வாடகை உயர, பரம்பரையாக வாழ்ந்தோர் பலர் வெளியேறினர். விழாவைக் காண்போர் பெருக, விழாவை நடத்துவோர் குறைகின்றனர். தோரணம் கட்டிய கைகள் போய்விட்டால் விழா ஏது?

ஆகவே, நாம் அங்குச் சென்றால் அவ்வூர்க் குடும்பத்தார் வாசலில் வைத்திருக்கும் கடையிலேயே வாங்குவோம். பவனி வருகையில் புகைப்படக் கருவியைத் தாழ்த்தி வழிவிடுவோம். பெற்ற ஒவ்வோர் உதவிக்கும் 'ஒப்ரிகாதா' என நன்றி கூறுவோம். ஆண்கள் 'ஒப்ரிகாது' என்பர். பெண்களாகிய நமக்கு 'ஒப்ரிகாதா'வே உரியது. முதியோர் உறங்கும் சன்னலடியில் குரலைத் தாழ்த்துவோம்.

அந்தோனியாரும் அயல்நாடு சென்றவரே. சென்ற இடத்தில் அம்மக்களின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொண்டார். கடனால் சிறைப்பட்டோருக்காகப் பரிந்து பேசினார். அதனாலன்றோ பதுவை நகர் தன் பெயரையே அவருக்குச் சூட்டியது! செல்லும் ஊரைத் தன் ஊராக நேசிப்பவரை அவ்வூரும் தன் பிள்ளையாக ஏற்கும். அம்மனத்தை நமக்கும் அருள அவரை மன்றாடுவோமாக.