டயட் சார்ட்டுக்கு வெளியே

அன்புள்ள தேன்மொழி,

அரசு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டாய், மகிழ்ச்சி. உன் கடிதத்தில் ஒரு வரிதான் உறுத்துகிறது: "எவ்வளவு சொன்னாலும் யாரும் கேட்கறதே இல்லை அக்கா."

கேட்கத்தான் செய்கிறார்கள். வீட்டுக்குப் போனால் உன் சார்ட்டுக்கு அங்கே இடமில்லை. எதிரே உட்காரும் பெண்ணிடம் அவளுடைய ஒரு நாளைச் சொல்லச் சொல். விடிந்ததும் பனியன் கம்பெனி வேன் வந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வந்து இறங்கும்போது கீரைக்காரம்மா கிளம்பியிருப்பார். பரோட்டாக் கடையில்தான் கல் காய்ந்துகொண்டிருக்கும். ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த ரேஷன் தலைமுறைப் பசியைத் தீர்த்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதே கடையில் சிறுதானியமும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்களே, அதற்கு ஈடாக நாம் எத்தனை சார்ட் எழுதுவது?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு அதிக எடை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டதா என்ன? தயவுசெய்து யாரையும் "வாயைக் கட்டு" என்று திட்டாதே.

சிலி நாட்டுச் சட்டத்தைப் படி. 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும். முத்திரை விழுந்ததைப் பள்ளிக்குள் விற்க முடியாது, அட்டையில் கார்ட்டூன் பொம்மையும் போட முடியாது. முத்திரைக்குப் பயந்தே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன.

நம்மிடமும் 2020ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது: பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் இந்த வகைத் தீனிகளை விற்கக் கூடாது. பக்கத்துப் பள்ளி விடும் நேரத்தில் போய் நின்று பார். சரம் சரமாக ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் தொங்கும், பிள்ளைகள் சில்லறையோடு முண்டியடிப்பார்கள். விதியின் நகலை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போ. கடைக்காரரோடு சண்டை வேண்டாம், அவருக்கும் பிழைப்பு அதுதான். சுண்டல், கொய்யா, கடலை மிட்டாய் வைத்தால் கட்டுப்படியாகுமா என்று அவரையே கேள். கூட்டத்துக்கு அவரையும் அழைக்கும்படி தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா