வாத்துக்கு மூன்று தோட்டா

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் பேசினாள். நவம்பர் 15 அன்று நீ காட்டுக்குப் போகப்போவதில்லை என்று சொன்னாயாம். அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். மகன் துப்பாக்கியைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறாள். எனக்கு அப்படி இல்லை. போன வருஷம் முதல் மானை அடித்துவிட்டு, இழுத்து வந்த அலுப்புகூடத் தீராமல் என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாயே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நீ போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். உனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த அலுவலக நண்பரோடு நடந்த வாக்குவாதத்தை நீயே எனக்கு அனுப்பியிருந்தாய். மிச்சிகன் அரசின் புதிய துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றித்தான் பேச்சு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அது ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்று ஆனது. கடைசியில் அவர், "விசாவில் வந்தவன் எங்கள் உரிமையைப் பற்றிப் பேசாதே" என்று எழுதினார். நீ, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிட உங்களுக்குத் துப்பாக்கிதான் பெரிது" என்று எழுதினாய். அதோடு பேச்சு நின்றுபோனது.

அவர் எழுதியது தவறு. நீ எழுதியதும் தவறு. அவரைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. உன்னிடம் அந்த உரிமை உண்டு என்பதால் எழுதுகிறேன்.

நான் இந்த மாநிலத்துக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர். முதல் நாள் அவர் என்னிடம் ரைஃபிளைக் கொடுத்த விதத்தை மறக்க முடியாது. போல்ட்டைப் பின்னால் இழுத்தார். சேம்பருக்குள் எட்டிப் பார்த்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு என்னையும் அதேபோலப் பார்க்கச் சொன்னார். இருவரும் பார்த்த பிறகுதான் துப்பாக்கி கை மாறியது.

அதே வருஷம் ஒரு விடியற்காலை, பனி மூடிய மேட்டின் உச்சியில் ஒரு மான் வந்து நின்றது. நூறு கஜம்கூட இருக்காது. அதன் பின்னால் வெறும் வானம். நான் குறி வைத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். "மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. துப்பாக்கியை இறக்கினேன், மான் போய்விட்டது. பிறகு ஏறிப் பார்த்தோம். கீழே ஒரு மண் சாலை, அதன் ஓரத்தில் ஒரு பிக்கப் வண்டி, அதற்குள் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர்.

நீ அந்தச் செய்தியை அனுப்பியபோது மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று பார்த்தாயா? 2021 நவம்பர் 30, மானுக்கான துப்பாக்கிப் பருவத்தின் கடைசி நாள். அன்றுதான் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் சுட்டதில் நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வாரம் மிரட்டல்களுக்குப் பயந்து சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவற்றை மூடினார்கள். உன் நண்பரின் மகள் அப்படி மூடப்பட்ட ஒரு பள்ளியில்தான் படித்தாள் என்று நீயே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்தத் தகப்பனைப் பார்த்துத்தான் பிள்ளைகளைவிடத் துப்பாக்கி பெரிது என்று எழுதினாய்.

நீ கேட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "மான் வேட்டைக்கு முப்பது தோட்டா மேகசின் எதற்கு?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லாத ஒன்றுக்கு நீ பதில் கேட்கிறாய். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791இல் வந்த இரண்டாவது திருத்தத்தில் வேட்டை என்ற சொல்லே கிடையாது. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னபோது, வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றுதான் சொன்னது. மானை வைத்து நீ வாதாடுகிறாய், வீட்டு வாசலை வைத்து அவர் வாதாடுகிறார். இரண்டும் எங்கே சந்திக்கும்?

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த உரிமை எல்லையற்றது இல்லை, குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோவதற்கும் உள்ள தடைகளைத் தாங்கள் தொடவில்லை என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். ஸ்காலியா வேட்டைப் பிரியராக இருந்தவர். உன் நண்பர் மதிக்கும் நீதிபதி. உரிமைக்கு அளவு உண்டு என்று சொல்ல உனக்கு அவரைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

அளவு என்ற சொல்லைத்தான் நான் இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல வந்தேன். வேட்டைக்காரனைப் போல அளவோடு வாழ்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மானுக்குத் துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் ஆரம்பிக்கலாம், மறைந்து அரை மணிக்குள் முடிக்க வேண்டும். உடம்பில் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். அடித்த மானுக்கு டேக் கட்ட வேண்டும். வாத்து வேட்டைக்குப் போனால் ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி உள்ளே அடைப்பு வைக்க வேண்டும். இது 1930களிலிருந்து இருக்கும் சட்டம். ஈயக் குண்டு தின்று நீர்ப்பறவைகள் செத்ததால் 1991இலிருந்து நாடு முழுவதும் வாத்து வேட்டையில் ஈயம் கூடாது என்றார்கள். முணுமுணுத்தார்கள், பிறகு இரும்புக் குண்டுக்கு மாறினார்கள்.

காசு விஷயத்திலும் அப்படித்தான். 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைவால் மான் பல மாநிலங்களில் கண்ணில் படாத நிலை. மிச்சிகனில் காட்டு வான்கோழி அடியோடு அழிந்து, பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று இரண்டும் பெருகிக் கிடப்பதில் வேட்டைக்காரர்களின் காசும் கட்டுப்பாடும் இருக்கின்றன. நீயும் உன் நண்பரும் ஒரே கவுன்ட்டரில் நின்று அந்த வரியைக் கட்டியவர்கள்.

இவ்வளவு அளவு தெரிந்தவர்கள், துப்பாக்கிச் சட்டம் என்றதும் ஏன் கொதிக்கிறார்கள்? தேசிய ரைஃபிள் சங்கமான என்ஆர்ஏவின் கதை உனக்குக் கொஞ்சம் விளங்க வைக்கும். உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லை என்று கண்ட இரண்டு முன்னாள் அதிகாரிகள், 1871இல் சுடும் பயிற்சிக்காக ஆரம்பித்த சங்கம் அது. 1977இல் சின்சினாட்டியில் நடந்த கூட்டத்தில் பழைய நிர்வாகிகள் தூக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு சங்கத்தின் முதல் வேலை அரசியல் என்று ஆனது. ஒரு சட்டத்துக்கு இடம் கொடுத்தால் அடுத்தது வரும், கடைசியில் எல்லாம் பறிபோகும் என்ற பயம் அப்படித்தான் ஊறியது. நம் ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள். இங்கே தேர்தல் நெருங்கினால் துப்பாக்கிக் கடையில் கூட்டம் கூடும். பயத்தைக் கேலி செய்தால் அது போகாது மாப்பிள்ளை, கெட்டிப்படும்.

இதில் இரண்டு பேரின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜிம் ஜம்போ, அவுட்டோர் லைஃப் பத்திரிகையில் வேட்டைப் பகுதி ஆசிரியராகப் பல்லாண்டு இருந்தவர். 2007 பிப்ரவரியில், ஏஆர் வகைத் துப்பாக்கிகளுக்கு வேட்டையில் இடமில்லை என்று இணையத்தில் எழுதினார். அதோடு நிற்காமல் அவற்றைப் பயங்கரவாதிகளின் துப்பாக்கி என்றும் சொல்லிவிட்டார். அந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்களையே அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். உடனே மன்னிப்புக் கேட்டார், பலிக்கவில்லை. சில நாட்களுக்குள் பத்திரிகை வேலை, தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆதரவளித்த ரெமிங்டன் நிறுவனம் எல்லாம் போயின.

அடுத்தவர் டிக் மெட்காஃப். 2013இல் கன்ஸ் அண்ட் ஆம்மோ பத்திரிகையில், எல்லா உரிமைகளுக்கும் ஒழுங்குமுறை உண்டு, துப்பாக்கி உரிமைக்கும் உண்டு என்று ஒரு பத்தி எழுதினார். யாரையும் ஏசவில்லை. வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி பற்றியே எழுதியவர். அவருக்கும் வேலை போனது, வெளியிட்ட ஆசிரியரும் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு விலகினார்.

ஜம்போவிடமிருந்து நீ கற்க வேண்டியது, மனிதர்கள் மேல் விழும் பெயரை ஆயுதத்துக்கு வைக்காதே என்பது. மெட்காஃபுக்கு நடந்ததிலிருந்து உன் நண்பர் போன்றவர்கள் கற்க வேண்டியது பெரிது. தங்களில் ஒருவன் நிதானமாகப் பேசியதற்கே துரத்திவிட்டால், அடுத்து நிதானமாகப் பேச யார் வருவார்கள்? மூன்று தோட்டாவோடு வாத்து வேட்டைக்குப் போகும் மனிதருக்கு அளவு என்ற சொல்லைக் கேட்டுக் கோபம் வரக்கூடாது. இதை நான் மழுப்பாமல் சொல்கிறேன்.

மிச்சிகன் சட்டங்களுக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நிறைவேறி, அந்தச் சம்பவம் நடந்து சரியாக ஒரு வருஷம் கழித்து அமலுக்கு வந்தவை அவை. சிறுவர்கள் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும். ஆபத்து என்று கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாம். நான் மூன்றையும் ஆதரிக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் சுட்டவனின் பெற்றோர் துப்பாக்கியைச் சரியாகப் பூட்டி வைத்திருந்தால் அந்த நான்கு பிள்ளைகளும் இருந்திருக்கக்கூடும். 2024இல் தாய், தகப்பன் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் மூன்றாவது சட்டத்தில் உன் நண்பர் எழுப்பிய கேள்வி வீண் கேள்வி இல்லை. முதல் உத்தரவு துப்பாக்கிக்காரர் எதிரில் இல்லாமலேயே வரலாம், விசாரணை பிறகுதான். கேட்காமல் எடுக்கலாமா என்பது நல்ல கேள்வி. நீ அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். கட்சியின் பெயரைச் சொன்னாய்.

பதில் இருக்கிறது. இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். விசாரணை வரை காத்திருந்தால் அதற்குள் உயிர் போய்விடலாம். 2009இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் ஒரு வார காலத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அந்த அதிர்ச்சியில் துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மனம் உடைந்து வருபவரை எப்படி அடையாளம் காண்பது, நண்பன் தடுமாறும்போது அவன் துப்பாக்கியை எப்படி வாங்கி வைப்பது என்று சுவரொட்டி அச்சிட்டுக் கடைகளில் ஒட்டினார்கள். யாரும் கட்சி மாறவில்லை. தெரிந்த மனிதர்களைச் சாகவிடக் கூடாது என்பதில் ஒத்துப்போனார்கள்.

எலீனா கேகனையும் நினைத்துப் பார். 2010இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது செனட்டர்கள் அவரிடம் வேட்டையைப் பற்றியும் துளைத்துக் கேட்டார்கள். நியூயார்க் நகரத்தில் வளர்ந்தவர், அதுவரை வேட்டைக்குப் போனதில்லை. பதவி கிடைத்தால் ஸ்காலியாவோடு வேட்டைக்குப் போவேன் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடி பறவை வேட்டைக்குப் போனார், வயோமிங்கில் மானும் அடித்தார். 2022இல் புரூயன் வழக்கில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் பக்கமே நின்றார், கருத்து மாறவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு எதை விரும்புகிறது என்பதைப் பக்கத்தில் நடந்து பார்த்தவர்.

விசா விஷயம் உன்னை எவ்வளவு சுட்டிருக்கும் என்று தெரியும். அதற்கும் சட்டத்தையே பார். எச்-1பி விசாக்காரர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. முறையான வேட்டை லைசென்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம். உனக்கு அந்த அனுமதி ஒரு வேட்டைக்காரனாகக் கிடைத்தது. லைசென்ஸ் தேதியை ஒரு நாளும் தவறவிடாதே. இந்த ஊரில் வரி கட்டுகிறாய், பிள்ளை பெற்றால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவாய், ஆகவே பேசவும் உனக்கு உரிமை உண்டு. பேசு. ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் பேசாதே. முகம் பார்த்துப் பேசு.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று உன் பாட்டி சொல்வாள். அள்ள முடியாதுதான், குனிந்து பொறுக்கவாவது செய்யலாம். இந்த வாரமே உன் நண்பரின் வீட்டுக்குப் போ. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேள். சட்டத்தைப் பற்றிய உன் கருத்துக்கு மன்னிப்புக் கேட்காதே, அதில் உறுதியாக இரு. அவர் விசாவைப் பற்றிச் சொன்னது உனக்கு வலித்தது என்றும் நேராகச் சொல். பிறகு நவம்பர் 15 விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேள்.

அன்புடன்,
மாமா