மேக்ரோ பிழை காட்டவில்லையா? அப்போதும் சரி பாருங்கள்

எக்ஸெல்லில் இருக்கும் பங்ஷன்கள் போதாத போது, நாமே ஒரு பங்ஷன் எழுதிச் சேர்த்துக் கொள்ளலாம். ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல்களை மாற்றும் பெரிய சாப்ட்வேர்களிலும் இதே வசதி உண்டு. அங்கே இதனை ரொட்டீன் என்பார்கள். என் வேலையே அதுதான். ஆனாலும் இதில் நான் நன்றாக மாட்டிக் கொண்டது திருநள்ளாற்றில், என் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில்!

சித்தப்பா அங்கே சிறிய தங்கும் விடுதி நடத்துகிறார். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு முன், ஏற்கனவே வந்து தங்கியவர்களுக்குக் கடிதம் போட நினைத்தார். அவரிடம் இரண்டு பட்டியல்கள். ஒன்று, 1999ல் தமிழக அரசு தரப்படுத்திய டாம் வகை எழுத்துருவில் பல ஆண்டுகளுக்கு முன் டைப் செய்தது. மற்றது யூனிகோடில் உள்ளது. இரண்டையும் இணைக்க, பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் ஒரு பங்ஷனை எழுதினேன்.

முதலில் செல் முழுக்க "#நேம்?" என்று வந்தது. எக்ஸெல்லுக்கு உங்கள் பங்ஷன் கிடைக்கவில்லை என்று பொருள். பைலை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேவ் செய்தால் மேக்ரோ நீங்கிவிடும். எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேவ் செய்யவும். மெயிலில் வந்த பைல் என்றால் மேக்ரோ தடுக்கப்பட்டிருக்கும். அனுப்பியவர் யாரென்று தெரியாவிட்டால் தடையை நீக்க வேண்டாம்.

அடுத்து சில வரிகளில் மட்டும் "#வேல்யூ!" வந்தது. பங்ஷன் ஓடத் தொடங்கிப் பாதியில் இடறியிருக்கிறது. எந்த வரியில் என்று எக்ஸெல் சொல்லாது. ஆல்ட் + எப்11 அழுத்தி, பங்ஷனின் முதல் கட்டளையில் கர்சரை வைத்து எப்9 அழுத்தவும். பிழை காட்டும் செல்லுக்குத் திரும்பி எப்2, பின் என்டர் தட்டவும். பங்ஷன் அந்த இடத்தில் நிற்கும். எப்8 அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாக நகரும். எங்கள் பட்டியலில், ஒரு முகவரியின் கடைசியில் யாரோ அடித்துவிட்டு அழிக்க மறந்த ஒற்றைக் கொம்பு இருந்தது. கொம்புக்கு அடுத்த எழுத்தைத் தேடிய பங்ஷன், எதுவும் இல்லாமல் நின்றுவிட்டது.

அதன் பின் ஒரு பிழையும் இல்லை. சித்தப்பாதான் கண்டுபிடித்தார். "என்னப்பா, கோவைக்காரங்க எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கடிதமா?"

திரையில் இரண்டு "கோவை"யும் ஒன்று போலவே இருந்தன. லென் பங்ஷன் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று 4 என்றது, மற்றது 5 என்றது! இரண்டாவது எழுத்தின் எண்ணை யூனிகோட் பங்ஷன் மூலம் கேட்டால் ஒன்றில் 3019, மற்றதில் 3015.

காரணம் இதுதான். பழைய எழுத்துருவில் நாம் கையால் எழுதும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று பதிவாகும். யூனிகோடில் முதலில் க. பின்னர் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக வரும். அதன் எண் 3019. என் பங்ஷன் கொம்பையும் க-வையும் முதலில் "கே" ஆக்கிவிட்டு, காலைத் தனியே விட்டிருந்தது. அந்த 3015 ஏகாரக் குறி. 3006 என்ற கால் அதன் பின்னால் நின்றது. திரை இரண்டையும் சேர்த்து "கோ" என்றே வரைந்து காட்டியதால் கண் ஏமாந்தது. வி-லுக்அப் ஏமாறவில்லை.

மூன்று துண்டு எழுத்துகளை மாற்றும் கட்டளைகளை மேலேயும், இரண்டு துண்டு எழுத்துகளுக்கானவற்றைக் கீழேயும் வைத்ததும் சரியானது. அலுவலகத்தில் ஜாப் முடிந்தது என்று பச்சை விளக்கு வந்தாலும், உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் எண்ணிப் பார்ப்போம். வீட்டில் அதைச் செய்யச் சோம்பல்பட்டேன். நீங்கள் பைலின் நகல் ஒன்றை எடுத்து, கொ, கோ, கௌ எல்லாம் வரும் பத்து வரிகளில் முதலில் சோதிக்கவும்.

பிறகும் மூன்று பெயர்கள் இரண்டு முறை வந்தன. ஒன்றில் "கோவை", மற்றதில் "கோயம்புத்தூர்". அவற்றைச் சித்தப்பாவே பேனாவால் அடித்துவிட்டார்.