தலைப்பொட்டு சொல்லும் சேதி

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம். அதில் நாலு பெட்டை, ஒரு சேவல். தாம்பரத்தைச் சுற்றி இப்போ எல்லாப் பக்கமும் அடுக்குமாடிதான். ஒரு சேவல் கூவினால் பொறுத்துக்கொள்வார்கள். வளர்ந்த குஞ்சுகளில் ஆறு சேவலாகி, விடியக்காலை நாலு மணிக்கே கூவ ஆரம்பித்தபோது சண்டைக்கே வந்துவிட்டார்கள். பொரித்த அன்றே சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்தால் எவ்வளவு நல்லது! அப்படித் தேடித்தான் இந்த நிறக் கணக்கைக் கற்றேன்.

இறகின் குறுக்கே கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி ஓடும் வரிக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். பிளைமவுத் ராக் இனத்தின் வரி வகை அப்படித்தான் இருக்கும். அந்த வரிக்கான மரபணு ‘இசட்’ குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றைத் தாய்க்கோழி தன் ஆண் குஞ்சுக்கு மட்டுமே தரும். பெட்டைக் குஞ்சுக்கு இசட் தகப்பனிடமிருந்துதான் வரும்.

இப்போது வரிப் பெட்டையோடு வரியில்லாத கறுப்புச் சேவலைச் சேருங்கள். தாயின் வரி ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் போகும். குஞ்சுகள் எல்லாம் கறுப்பாகத்தான் பிறக்கும். ஆனால் தலையுச்சியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை.

மாற்றிச் சேர்த்தால் கணக்கு நிற்காது. தூய வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு விட்டால் ஆண், பெண் எல்லாவற்றுக்கும் பொட்டு வரும். வெள்ளைச் சேவலும் ஆகாது. அதன் வெள்ளை மற்ற நிறங்களை மறைத்துவிடக்கூடும்.

இவ்வளவு தெரிந்தும் நான் முதல் ஈட்டில் ஏமாந்தேன். என்னிடம் இருந்தது வரிச் சேவல். அதைக் கொடுத்துவிட்டுக் கறுப்புச் சேவல் வாங்கிவிட்டேன். அஞ்சாம் நாளே முட்டை சேர்த்து அடை வைத்தேன். 12 குஞ்சில் 10-க்குத் தலைப்பொட்டு. “எல்லாம் சேவல்தான்” என்று படப்பையில் தோட்டம் வைத்திருக்கும் தங்கையிடம் கொடுத்தேன். ஆறு மாசம் கழித்துப் போன் வந்தது: “அண்ணா, நீங்க குடுத்த சேவல் முட்டை போடுது!”

காரணம் இதுதான். சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும். நான் அடை வைத்த முட்டைகளில் பழைய சேவலின் வாரிசுகளே அதிகம். ஆகவே சேவலை மாற்றினால் மூன்று வாரம் வரை வரும் முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வருவதை அடை வையுங்கள். அடுத்த ஈட்டில் நான் அப்படிச் செய்தேன், பொட்டு பொய் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். இந்தக் குஞ்சுகள் வளர்ந்தபின் அவற்றுக்குள்ளேயே இணை சேர்த்தால், ஆணிலும் பாதி, பெண்ணிலும் பாதி வரியோடு வரும். பொட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தாய் தகப்பன் கோழிகளைத் தனியே காப்பாற்றி வையுங்கள். அடுத்தது, இவை கலப்புக் குஞ்சுகள். ‘அசல் நாட்டுக்கோழி’ என்று விற்காதீர்கள். சிறுவிடை, பெருவிடை வைத்திருப்பவர்கள் இதற்காக அந்த இனத்தைக் கலக்கவும் வேண்டாம்.

பெரிய பொரிப்பகங்களில் முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். நாம் பொட்டு பார்ப்பது அதற்காக இல்லை. இடம் இருக்கிற வீட்டுக்கு அதை முன்கூட்டியே அனுப்பி வைக்கத்தான்.