காய்ச்சலுக்கும் ஒரு சீசன் உண்டு



எந்த மாதம் எந்தச் சரக்கை இருப்பு வைப்பது என்று நாம் நன்றாக அறிவோம். எந்த மாதம் எந்தக் காய்ச்சல் வரும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. தூத்துக்குடியில் தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் ஐப்பசியில்தான் டெங்குவும் தலைதூக்குகிறது. கடையில் இரண்டு பேர் படுத்துவிட்டால் வியாபாரம் போகும். நோய் முற்றினால் உயிரே போகும்.

வெப்பம் செய்யும் வேலை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரை ஒட்டி முட்டையிடும். நமது ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் போதும். நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. கிருமி அதன் உடலில் பெருக வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் இதற்குச் சுமார் 15 நாள் ஆகும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரமே. கொசுவின் ஆயுளோ இரண்டு முதல் நான்கு வாரம். ஆகவே குளிர்ந்த காலத்தில் கிருமி பெருகுமுன் பல கொசுக்கள் செத்துவிடும். கடும் வெயிலும் வறட்சியும் கொசுவின் ஆயுளைக் குறைக்கும். நமது ஐப்பசி, கார்த்திகையில் 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், ஈரக்காற்று, தேங்கிய மழைநீர் மூன்றும் ஒன்று சேருகின்றன.

மழை மட்டும் காரணமா?

இல்லை. 2012-இல் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு கண்டது; 66 பேர் இறந்தனர். அன்றைய நெல்லை மாவட்டத்தில், கடையநல்லூர் வட்டாரத்தில் அது கடுமையாகத் தாக்கியது கோடையில்தான். தண்ணீர்ப் பஞ்ச நாளில் நாம் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கும் தண்ணீரே கொசுவுக்குத் தொட்டிலாகிறது.

துறைமுக நகரின் பொறுப்பு

ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு பழைய டயர்களுடன் கப்பலேறி அமெரிக்கா சென்றது. 1985-இல் ஹூஸ்டன் நகரில் அது குடியேறியிருந்தது தெரியவந்தது. இதனால்தான் துறைமுகங்களைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரை நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகள் கூறுகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

1. சரஸ்வதி பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போதே மொட்டை மாடி, கிட்டங்கிப் பின்புறம், பழைய டயர், காலி டின், சிரட்டை யாவற்றையும் அப்புறப்படுத்துவோம்.

2. வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவோம். வெறுமனே கொட்டினால் ஒட்டிய முட்டை தங்கிவிடும். எட்டு நாளைக்குள் கழுவினால் கொசுவாக அதற்கு நாள் இராது.

3. சரக்கு மூடிய தார்ப்பாயில் மழைநீர் தேங்க விடக்கூடாது.

4. காய்ச்சல் என்று வருபவருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கடையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். டெங்குவில் அவை இரத்தக்கசிவை அதிகப்படுத்தும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அனுப்புவோம்.

இக்கொசு பகலில் கடிக்கும். அதிக தூரம் பறக்காது. நமது பஜாரில் கடிக்கும் கொசு பெரும்பாலும் நமது பஜாரிலேயே பிறந்தது. ஒரு கடை மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை. தெருவே சேர்ந்து செய்தால் சீசன் நமக்கு லாபமாகவே அமையும்.