நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மணலியில் உனக்கு வேலை கிடைத்ததை அக்கா போனில் சொன்னாள். மனசு நிறைந்தது. கூடவே, கடன் போட்டுக் கார் எடுக்கப்போகிறாய் என்றும் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கார் வாங்காதே என்று சொல்லமாட்டேன். நைட் ஷிப்ட் முடித்து மணலியிலிருந்து புழலுக்குத் தனியாக ஓட்டி வராதே என்கிறேன். ஆலையை விட்டு வெளியே வரும்போது தூக்கம் போய்விட்டது போலத்தான் இருக்கும். வண்டியில் உட்கார்ந்து உடம்பு தளர்ந்த பிறகுதான் கண் சொக்கும். அந்த நேரத்தில் உன் முன்னும் பின்னும் ஓடுவது கண்டெய்னர் டிரெய்லர்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களின் சரக்கும் இந்த வட்டாரத்துச் சாலைகளில்தான் போகிறது. 40 அடிப் பெட்டியோடு டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக ஒதுங்கி வரும். ஒட்டி நிற்கும் வண்டி டிரைவருக்குத் தெரியாது. அவரும் ராத்திரியெல்லாம் துறைமுக வரிசையில் விழித்துக் கிடந்துவிட்டு வருபவராக இருக்கலாம். பைக்கில் போகலாம் என்று மனசு மாறினால், ஆபத்து இன்னும் கூடும்.

மெட்ரோவை நம்பி இருக்கவும் முடியாது. 2021 பிப்ரவரி 14-ல் விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது திருவொற்றியூர்க்காரர்களுக்கு நல்லதாயிற்று. மாதவரத்திலிருந்து இப்போது கட்டும் பாதைகளோ தெற்கே சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் போகின்றன. எண்ணூர் ஆலைக்காரர்களுக்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலாவது உண்டு. புழலில் ரயில் நிலையமே இல்லை.

ஆகவே கம்பெனி பஸ்தான் முதல் வழி. அதில் தூங்கிக்கொண்டே வரலாம், அதைவிட என்ன வேண்டும்! பகல் ஷிப்டுக்கு மாநகரப் பேருந்து போதும், 1,000 ரூபாய்க்கு மாதப் பாஸ் எடுத்துக்கொள். உன் மனைவியை அம்பத்தூரில் இறக்கிவிடக் கார் வேண்டும் என்றாயாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அந்தப் பிள்ளை எதில் போக விரும்புகிறது என்று அவளிடமே கேள்.

எப்படியும் கார் வாங்கினால், அதே ஷிப்டில் கதிர்வேடு, காவாங்கரைப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள். பெட்ரோல் செலவை மாதக் கடைசியில் சமமாகப் பிரியுங்கள். வாடகையாகக் காசு வாங்காதே; சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் கை கொடுக்காது. வாரத்துக்கு ஒருவர் ஓட்டட்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. ஓட்டுபவருக்குக் கண் செருகினால், நிறுத்தி முகம் கழுவிக் கொஞ்சம் படுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த அன்றே கம்பெனி பஸ் எங்கெங்கே நிற்கும் என்று விசாரி. புழலில் நிற்காது என்றால், நம் பக்கத்து ஆட்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடு. கடன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா