வோல்டேஜ் குறையும்போது கடையில் கவனிக்க வேண்டியவை

2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்ததை வணிகர்களாகிய நாம் மறக்கவில்லை. மின்வெட்டு கண்ணுக்குத் தெரியும். மாற்று ஏற்பாடு செய்துகொள்வோம். வோல்டேஜ் குறைவு அப்படியல்ல. குண்டு பல்பு மங்கி நம்மை எச்சரித்தது. எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை 180 வோல்ட்டிலும் வழக்கம்போல எரியும். அதே நேரத்தில் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் திணறிக் கொண்டிருக்கும்.

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. 184-க்கு இறங்கினால் மோட்டாரின் இழுவைத் திறன் 64 சதவீதமாகிவிடும். கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் கரண்டை அதிகமாக இழுத்துச் சூடாகும், காயில் கருகும். பால், தயிர், ஐஸ்கிரீம் நஷ்டம் தனி.

உடனே ஸ்டெபிலைசர் வாங்க ஓடுகிறோம். அது ஃபிரிட்ஜைக் காக்கும், உண்மைதான். ஆனால் மின்சாரத்தை அது உற்பத்தி செய்வதில்லை. 170 வோல்ட்டை 230 ஆக்க, லைனிலிருந்து சுமார் 35 சதவீதம் கூடுதல் கரண்ட் இழுக்கும். காந்திகிராமம், சின்னாளபட்டி பக்கம் டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி, லைனின் கடைசியில் பத்துக் கடைகள் இருந்து பத்திலும் ஸ்டெபிலைசர் ஓடினால், எல்லோருக்கும் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

எனவே முதலில் சுமையைக் குறைப்போம். மாவு அரைக்கும் கிரைண்டரை மாலை ஆறு முதல் பத்து வரை ஓட்டாமல் பகலில் ஓட்டலாம். பழைய சோக் வைத்த டியூப் லைட் சுமார் 50 வாட் எடுக்கும், எல்.இ.டி. டியூப் 20 வாட். நான்கு டியூப்களை மாற்றினால், தினம் ஐந்து மணி நேரக் கணக்கில், இரண்டு மாத பில்லில் 36 யூனிட் மிச்சம். கரண்ட் போய் வந்தால் ஃபிரிட்ஜை ஐந்து நிமிடம் கழித்தே போடவும்.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். பக்கத்துக் கடையில் சரியாக இருந்து நம் கடையில் மட்டும் குறைந்தால், நம் வயரிங்கிலோ சர்வீஸ் வயரிலோ தளர்ந்த இணைப்பு இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு கடையில் குறைந்து இன்னொரு கடையில் 260, 280 என்று ஏறினால் நியூட்ரல் கோளாறாக இருக்கும். மெயினை உடனே அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். தெரு முழுவதும் குறைந்தால் டிரான்ஸ்பார்மர் அல்லது லைன் போதவில்லை என்று பொருள். அப்போது ஒரு வாரம் தேதி, நேரம், வோல்ட் எழுதிவைத்து, தெருவில் எல்லோரும் கையெழுத்திட்டுப் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளரிடம் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். 2021-இல் தொடங்கிய மின்னகம் சேவை மையத்திலும் புகாரைப் பதிந்து, அந்த எண்ணை மனுவின் நகலில் குறித்துக்கொள்வது நல்லது.